காணாமல் போகும் மாப்பிள்ளைகள்

2006 ஜூலை 17, திங்கள்

இன்னைக்கு ஆடி ஒண்ணு. ஜவுளிக்கடையில ஜனவரி மாசம் கொடுத்த டைரி இது. இதுவரைக்கும் ரசப்பொடி அளவும், கேஸ் சிலிண்டர் வந்த தேதியும்தான் எழுதியிருக்கேன். இனிமே ஆபீஸ் விஷயத்தையும் எழுதி வைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இந்த ஒரு மாசம் நடக்கப்போறதுக்கு ஒரு சாட்சி வேணும். என்னைவிட நம்பிக்கையான சாட்சி எனக்குக் கிடைக்காது.

எங்க ஆபீஸ்ல 'கிடங்கு'ன்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு. பேர், விலாசம், நட்சத்திரம், எதைக் கொடுத்தாலும் உள்ள அடுக்கி வெச்சுக்கும். கேட்டா எடுத்துக் கொடுக்கும். வெளிநாட்டுச் சரக்கு இல்ல. 1989ல நானும் செல்வநாயகமும் உக்காந்து எழுதினது. செல்வநாயகம் தொண்ணூத்தி ஒண்ணுல மஸ்கட் போயிட்டான். நான் போகல. சாய்பாபா காலனி மாடியில நானும் கிடங்கும் பதினேழு வருஷமா ஒண்ணா குப்பை கொட்டறோம்.

கிடங்குக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். இப்ப வடவள்ளி ருக்மணியக்கா தமிழ் வேணும்னு நிக்கறாங்க. மங்கள வாசல் திருமணத் தகவல் நிலையம் அவங்களோடது. "ஏங்கண்ணு கோகிலா, எங்கிட்ட வர்றவங்க எல்லாம் தோட்டங்காட்டுக்காரங்க. பையன் பேரை இங்கிலீஷ்ல அடிச்சுக் கொடுத்தா, பெத்தவளே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இது யாரு பையன்னு கேக்கறா"ன்னாங்க. நியாயந்தான். ஆடியில யாரும் பொண்ணு மாப்பிள்ளை பாக்க வரமாட்டாங்க, அவங்களுக்கு ஓய்வு. அதுக்குள்ள பேரெல்லாம் தமிழ்ல ஏத்தி, ஆவணி ஒண்ணாந் தேதி காலைல தமிழ்ல பட்டியல் வரணும். அதாவது ஆகஸ்ட் 17.

எங்க முதலாளி திருமூர்த்தி சார் அதுக்கு மேல ஒண்ணு சொன்னார். "ஆவணி ஒண்ணுக்குள்ள தமிழ் வரலைன்னா கிடங்கை மூட்டை கட்டிரலாம் அம்மிணி. பிரான்சிஸ் சொல்ற வெளிநாட்டு டேட்டாபேஸுக்குப் போயிரலாம்."

பிரான்சிஸ் எங்கூட வேலை பாக்கற எஞ்சினியர். நாலு வருஷமா எதிர் மேஜை. மத்தியானம் என் பொரியல்ல பாதி அவனுக்குத்தான் போகுது. அத்தனையும் தின்னுட்டு கிடங்கைக் குறை சொல்றான்.

மூட்டை கட்டறதாம். இந்த வயசுல எனக்குன்னு நானே செஞ்சதுன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்கு.

என் சாப்பாட்டுக் கேரியரைப் பத்தியும் ஒரு வார்த்தை. மூணடுக்கு எவர்சில்வர். ஆபீஸ்ல பரிசாக் கொடுத்தது, பேரெல்லாம் வெட்டியிருக்கு. எதுக்குக் கொடுத்தாங்கன்னு இப்ப ஞாபகமில்ல. நல்லா வேலை செஞ்சதுக்குத்தான் கொடுத்திருப்பாங்க.

ஜூலை 19, புதன்

வடவள்ளி போய் முதல் சோதனை. ருக்மணியக்கா தன்கிட்ட ரொம்ப வருஷமா காத்திருக்கற மாப்பிள்ளை பேரையே அடிச்சாங்க. மருதாசலமூர்த்தி, முப்பத்தெட்டு வயசு, தென்னந்தோப்பு, அமைதியான குணம். பிரிண்டர்ல இப்படி வந்துச்சு:

மருதாச?

"மிச்சத்தை யாரு தின்னது?"ன்னாங்க அக்கா. "ஏற்கெனவே அந்தப் பையனுக்கு எதுவும் அமையல. பேரையும் பாதியா வெட்டிட்டா எவன் பொண்ணு கொடுப்பான்?"

காரணம் சுலபம். கிடங்குல பேருக்கு இருபது பைட் இடம். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட். தமிழ் எழுத்துக்கு மூணு. கால், கொம்பு, புள்ளி போட்டா அதுக்குத் தனியா இன்னொரு மூணு. பந்தியில ஆளுக்கு ஒரு எலைன்னு போட்டு வெச்சிருக்கோம், வந்து உக்காந்தவங்க ஒவ்வொருத்தரும் மூணு எலை கேக்கறாங்க. இருபது எலையில ஆறு பேர் சாப்பிட்டாச்சு. ஏழாவது ஆளுக்கு ரெண்டு எலைதான் மிச்சம், அவருதான் கேள்விக்குறியா நிக்கறார்.

"அக்கா, வெளிநாட்டு டேட்டாபேஸ்ல இதையெல்லாம் எப்பவோ..."ன்னு எங்கிட்ட ஆரம்பிச்சான், கூட வந்த பிரான்சிஸ். வாயை மூடிட்டு வண்டியை எடுடான்னேன்.

ஜூலை 21, வெள்ளி

பேருக்கு நூத்தி இருபது பைட் கொடுத்தாச்சு. இடம் பத்தலைன்னாலும் எழுத்தை நடுவுல வெட்டாம, முழு எழுத்தா நிறுத்தவும் சொல்லிக் கொடுத்துட்டேன். மருதாசலமூர்த்தி முழுசா வந்துட்டார்.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. கிடங்குல ஒரு கமா மாத்தினாலும் பெரிய நோட்டுல கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்குப் பேரு மாற்றப் பதிவேடு. ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி சார் அதுக்குத்தான் வைப்பார். எழுதினதுக்குக் கீழ சார் சிவப்பு மையில ஒரே ஒரு கேள்வி கேப்பார். பதில் எழுதினாத்தான் மாற்றம் வெளிய போகும். இன்னைக்குக் கேள்வி: "ஃபைல் எவ்வளவு பெரிதாகும்?" பதில்: "ஆறு மடங்கு ஆகலாம். தாங்கும். – கோ.வா."

கோ.வா.ன்னா நாந்தான், கோகிலவாணி.

ஜூலை 24, திங்கள்

ருக்மணியக்கா சனி ஞாயிறுன்னு பாக்காம இருநூத்திப் பதினாலு மாப்பிள்ளைகளையும் தமிழ்ல அடிச்சு முடிச்சுட்டாங்க. அணைச்சா தமிழ் போயிருமோன்னு பயந்து கம்ப்யூட்டரை இதுவரைக்கும் அணைக்கவே இல்லையாம். சிரிச்சுட்டு, தைரியமா அணைங்கக்கான்னேன். பிரான்சிஸ் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பிரதி எடுத்து வெச்சான். அவனுக்கு எதுலயும் சந்தேகம்.

இன்னும் மூணு வாரம் இருக்கு, நான் வேலையை முடிச்சுட்டேன். சாயங்காலம் எனக்கு நானே கேசரி கிளறிக்கிட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

ஆடி அமாவாசை, லீவு. வீட்டுக்காரர் பேரூர் போயிட்டு வந்தார். குக்கர்ல விசில் வரமாட்டேங்குது, கேஸ்கட் மாத்தணும்.

ஜூலை 26, புதன்

காலைல ஒன்பது மணிக்கு ருக்மணியக்கா போன். "கண்ணு, மாப்பிள்ளைங்க எல்லாம் ஓடிட்டாங்க."

"எந்த மாப்பிள்ளைங்க?"

"இருநூத்திப் பதினாலு பேரும்! பொண்ணுங்க எம்பத்தெட்டு பேரும் அப்படியே இருக்கறாங்க. மாப்பிள்ளைங்களை மட்டும் காணோம். பதினெட்டு வருஷமா தொழில் பண்றேன், கல்யாணத்துக்கு முந்துன நாள் ஒருத்தன் ரெண்டு பேரு ஓடிப் பாத்திருக்கறேன். இப்படிக் கூட்டமா ஓடினது இல்ல."

போய்ப் பாத்தேன். நெசந்தான். பொண்ணுங்க பேரை இன்னும் தமிழுக்கு மாத்தல, எல்லாரும் இங்கிலீஷ்ல பத்திரமா இருக்காங்க. பிரதியிலிருந்து மாப்பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து வெச்சுட்டு வந்தோம். கரண்ட் போயிருக்கும்னு சொன்னேன். அக்கா கரண்ட் போகலைன்னாங்க.

ஜூலை 27, வியாழன்

இன்னைக்கும் ஓடிட்டாங்க. முந்தின நாள் சாயங்காலம் அணைச்சப்ப இருந்தாங்க, காலைல போட்டா இல்ல. வைரஸ்னு சொன்னேன். யு.பி.எஸ். சரியில்லைன்னு சொன்னேன். அக்கா வீட்டு கம்ப்யூட்டர் மேஜை சன்னலோரம் இருக்கு, வெயில் படுதுன்னுகூடச் சொன்னேன். பிரான்சிஸ் என்னைப் பாத்த பார்வையை இங்க எழுத விரும்பல.

ஒண்ணு மட்டும் புதுசா தெரிஞ்சுது. இருநூத்திப் பதினாலும் போகல. மூணு பேர் மிச்சம் இருக்காங்க. நேத்தும் இருந்திருப்பாங்க, பதட்டத்துல பட்டியலைக் கீழ வரைக்கும் பாக்கல.

ஜூலை 28, வெள்ளி

கேரியரைத் திறந்து வெச்சு அவரைக்காய்ப் பொரியலை எடுத்துக்கிட்டே பிரான்சிஸ் சொன்னான், "அக்கா, அந்த மூணு பேரைப் பாத்தீங்களா? மூணு பேருக்கும் முன்னாடி இனிஷியல் இங்கிலீஷ்ல இருக்கு. ஜாதகத்துல அப்படி இருந்துச்சுன்னு அப்படியே அடிச்சிருக்காங்க."

"அதுக்கென்ன?"

"பேரோட முதல் பைட்டைப் பாத்து யாரோ முடிவு பண்றாங்க. முதல் பைட் இங்கிலீஷா இருந்தா ஆள் இருக்கலாம். தமிழா இருந்தா வெளிய போ. காலைல திறக்கும்போது முதல்ல ஓடறது துடைப்பம்தானே?"

துடைப்பம்ங்கறது கிடங்குல ஒரு சின்ன ஃபைல். தினமும் திறந்த உடனே, அழிச்ச பதிவுகளையெல்லாம் கூட்டி வெளிய தள்ளற வேலை. 1989ல இருந்து அதை யாரும் தொடல. நல்லா ஓடறதை எதுக்குத் தொடணும்?

"நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு"ன்னேன். கேரியரை மூடினேன்.

ஜூலை 29, சனி

துடைப்பத்தைத் திறந்து பாத்தேன். கேஸ்கட் வாங்க மறந்துட்டேன்.

சாரோட பீரோ ஒரே தூசி. 1989 மாற்றப் பதிவேட்டைத் துடைச்சு வைக்கலாம்னு வீட்டுக்கு எடுத்து வந்திருக்கேன்.

ஜூலை 31, திங்கள்

இன்னைக்கு பிளாஸ்டிக் டப்பாவுல எலுமிச்சை சாதம் கொண்டு போனேன். கேரியர் எங்கேன்னு காலைல வீட்டுக்காரர் கேட்டார். பிடி ஆடுதுன்னு சொன்னேன். எங்க ஆடுதுன்னு கையில எடுத்துப் பாத்தார். அவருக்கு என்ன தெரியும்.

நான் பாத்துக்கறேன்னு சொல்லியும் கேக்காம பிரான்சிஸ் துடைப்பத்தைப் பிரிச்சு மேஞ்சுட்டான். சாரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு விளக்கறான்: "ஒரு பைட்டுக்குள்ள எட்டு பிட் சார். இங்கிலீஷ் எழுத்துக்கு ஏழு போதும், எட்டாவது எப்பவும் சும்மா இருக்கும். இதை எழுதின மகானுபாவன், சும்மா இருக்கற இடத்தை ஏன் விடணும்னு, ஒரு ஆளை அழிச்சா அவர் பேரோட முதல் எழுத்துல எட்டாவது பிட்டை எரிய விட்டிருக்கான். துடைப்பம் வந்து பாக்கும். விளக்கு எரிஞ்சா வெளிய தள்ளும்."

"செரி."

"தமிழ் எழுத்துல எல்லா பைட்டுலயும் அந்த எட்டாவது பிட் எப்பவும் எரியும் சார். அதான் அந்த எழுத்தோட அமைப்பே. அதனால தமிழ்ல பேர் இருந்தாலே கிடங்குக்கு அவன் அழிஞ்சவன்."

சார் திரையை எட்டிப் பாத்தார். அப்புறம், "இப்படி எழுதினது எந்தப் புத்திசாலி?"ன்னார்.

"எவனோ அரைவேக்காடு"ன்னு நானும் சொன்னேன். சொல்லத்தானே வேணும், எல்லாரும் திட்டும்போது சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? ஃபைல்ல 1989னு மட்டும் இருக்கு, பேர் இல்ல.

ஆனா ஒண்ணு, அந்தக் காலத்துல ஃப்ளாப்பியில கையகல இடம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பைட் மிச்சம் பிடிக்கறதுன்னா அது சாதாரண மூளை இல்ல. இதை எழுதினவங்க பக்கமும் நியாயம் இருக்கும்.

பிரான்சிஸ் என் பிளாஸ்டிக் டப்பாவையே பாத்துட்டு இருந்தான். எலுமிச்சை சாதம் அவனுக்குப் பிடிக்காது போல.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஒரு அருமையான யோசனை வந்துச்சு. துடைப்பத்துல கை வைக்காமலே தப்பிக்கலாம். எல்லா மாப்பிள்ளைக்கும் முன்னாடி இனிஷியலை இங்கிலீஷ்ல போட்டுட்டா முடிஞ்சுது, ஒருத்தரும் ஓடமாட்டாங்க. ருக்மணியக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

"அப்பன் இங்கிலீஷ்ல, மகன் தமிழ்லயா?"ன்னாங்க அக்கா. "இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையான்னு பொண்ணு வீட்டுல கேப்பாங்க கண்ணு. அதெல்லாம் ஆகாது. ஏன் கண்ணு, நீ எதையோ சுத்தி வளைச்சுப் போறமாதிரி இருக்குதே?"

லைன் சரியில்லக்கான்னு வெச்சுட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எல்லாம் டப்பாவுல.

சார் பீரோவைக் குடைஞ்சுட்டு இருந்தார். 1989 பதிவேட்டைக் காணோமாம். அதைப் பாத்தா துடைப்பம் எழுதினது யாருன்னு தெரிஞ்சுருமாம். "எம்பது வருஷம் தொண்ணூறு வருஷம் இருக்கணும்னுதானே கையால எழுத வெச்சேன்"னு புலம்பினார். நானும் ரெண்டு தட்டுத் தேடிக் கொடுத்தேன்.

"அப்ப நீயும் செல்வநாயகமும்தான இருந்தீங்க?"

"ஆமாங்க சார். செல்வநாயகமும் இருந்தான்."

இவ்வளவுதான் சொன்னேன். இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஆகஸ்ட் 5, சனி

பதிவேடு நல்லா துடைச்சாச்சு. அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கு, அங்க எலி வராது.

ஆகஸ்ட் 7, திங்கள்

கெட்ட நாள். காலைல சார் கூப்பிட்டு உக்காரச் சொன்னார். உக்காரச் சொன்னாலே எனக்கு ஆகாது.

"அம்மிணி, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கிடங்கை நிறுத்திக்கலாம்."

"சார், இன்னும் பத்து நாள் இருக்குது."

"நாளு இருக்குது, ஆளு இல்லியே. எழுதினவன் போய்ட்டான். இந்த ஒண்ணைக் கண்டுபிடிச்சோம். உள்ள இன்னும் என்னென்ன வெச்சுட்டுப் போயிருக்கறானோ, கேட்டாச் சொல்ல ஆளு வேணுமல்ல? எழுதினவன் பக்கத்துல இருந்தா ஒரு தைரியம். ஆளு இல்லாத சரக்கை எந்த நம்பிக்கையில ருக்மணிக்குக் கொடுக்கறது? பிரான்சிஸ் சொல்ற டேட்டாபேஸைப் பாத்துருங்க."

பிரான்சிஸ் மேஜையைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். சந்தோஷமா இருக்க வேண்டியவன், மூஞ்சியை உம்முன்னு வெச்சிருந்தான்.

"எதுக்கும் செல்வநாயகத்துக்கு ஒரு மெயில் போட்டிருக்கறேன். உன்ற கைவேலையான்னு கேட்டிருக்கறேன்"னார் சார்.

வீட்டுக்கு வந்து ரசத்துக்கு உப்பு போட மறந்துட்டேன். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டு எழுந்தார். அதுக்கும் கோபமாத்தான் வந்துச்சு.

ஆகஸ்ட் 9, புதன்

செல்வநாயகம் பதில் போட்டுட்டான். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் பேசியிருந்தான். சார் உரக்கப் படிச்சார்.

"சார், நல்லா இருக்கீங்களா. பதினேழு வருஷம் ஆச்சு, ஞாபகமில்ல. ஆனா இந்த மாதிரிக் கோளாறு என் வேலையாத்தான் இருக்கும். நான் அப்ப அவசரக்காரன். கோகிலா அந்தக் காலத்துலயே சுத்தமா எழுதுவா, அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க. என்னால ஒரு கல்யாணம் நின்னிருந்தா ரொம்ப மன்னிப்பு."

"பாரு, எவ்வளவு நல்ல பையன்"னார் சார்.

தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்து போயிட்டேன். கூஜாக்கிட்ட ரொம்ப நேரம் நின்னேன். பாவி, நீ ஏண்டா ஒத்துக்கற? இல்லைன்னு சொல்லியிருந்தா நானும் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருப்பேன். இப்படி நல்லவனா வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?

சரி. எழுதிடறேன். இது என் டைரிதான், இங்ககூட எத்தனை நாளைக்குச் சுத்தறது. துடைப்பத்தை எழுதினது நான். எட்டாவது பிட் என் மூளை. கேரியர் கொடுத்தது அதுக்குத்தான். ஜூலை 17 அன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

ஆகஸ்ட் 10, வியாழன்

இன்னைக்கு கேரியரை எடுத்துட்டுப் போனேன். பதிவேட்டையும்.

மத்தியானம் சாரையும் கூப்பிட்டு, மேஜையில ரெண்டையும் வெச்சேன். பதிவேட்டுல மஞ்சள் துணி வெச்சு அடையாளம் பண்ணியிருந்த பக்கத்தைத் திறந்தேன். என் இருபத்து மூணு வயசுக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் திமிரோட நிக்குது:

"மாற்றம்: அழித்ததற்கு அடையாளம் முதல் பைட்டின் எட்டாவது பிட்டில். தனி இடம் தேவையில்லை. ஒரு பதிவுக்கு ஒரு பைட் மிச்சம். – கோ.வா."

கீழ சிவப்பு மையில சார்: "நாளைக்குத் தமிழ் வந்தால்?"

அதுக்குக் கீழ நான்: "வராது."

சார் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி படிச்சார். "வராதுன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கற."

"ஆமாங்க சார்."

"நான் கேட்டிருக்கறேனே! எனக்கே ஞாபகமில்ல பாரு."

"கேட்டீங்க சார். நான் சிரிச்சேன். கம்ப்யூட்டர்ல தமிழான்னு. அப்புறம் நீங்க இந்தக் கேரியரைக் கொடுத்தீங்க."

"நானா கொடுத்தேன்? இதுக்கா?"

பிரான்சிஸ் கேரியரைத் திருப்பி வெச்சான். "மேல் அடுக்குலயே வெட்டியிருக்கே சார். 'ஒரு பைட் மிச்சம் பிடித்த கோகிலவாணிக்கு, 1989.' நாலு வருஷமா இதைப் படிச்சுட்டேதான் பொரியல் எடுத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்ப உனக்குத் தெரியுமா?"

"டப்பா வந்த அன்னைக்கே தெரியும்."

"ஏண்டா சொல்லல?"

"நீங்க சொல்லாததை நான் எப்படிக்கா சொல்றது?"

எனக்கு அழுகை வந்துருச்சு. வெக்கத்தை விட்டு அழுதேன். செல்வநாயகம் பேரைக் கெடுத்துட்டேன், சார் பீரோவைக் குடையும்போது கூட நின்னு தேடினேன், எல்லாத்தையும் சொன்னேன். சார் என்னைத் திட்டினார். நல்லாத் திட்டினார், வாசல்ல கூரியர்காரர் திரும்பிப் போற அளவுக்கு. அப்புறம் பதிவேட்டை மூடி வெச்சுட்டு, "உன்றதுன்னா உன்னையக் கேக்கலாம். இந்த மாதிரி உள்ள இன்னும் என்னென்ன வெச்சிருக்கற?"ன்னார்.

"இன்னும் ரெண்டு இருக்குங்க சார்."

"ரெண்டா!"

"பொண்ணா பையனாங்கறதையும் ஒரு பிட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

சார் தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டார். அப்புறம் விரலை நீட்டி, "மூணையும் சரி பண்ணு. ஆவணி ஒண்ணு காலைல ருக்மணி முன்னாடி திறக்கணும். ஒரு மாப்பிள்ளை ஓடினாலும் கிடங்கு மூட்டைதான். இனி பேச்சே இல்ல"ன்னார்.

பிரான்சிஸ் பொரியல் அடுக்கைத் திறந்தான். அவசரத்துல பொரியல் செய்யவே இல்ல, மூணடுக்கும் தயிர்சாதம்.

ஆகஸ்ட் 12, சனி

அழிச்சதுக்குன்னு தனியா ஒரு பைட் போட்டாச்சு. மிச்சம் பிடிச்சதைப் பதினேழு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுக்கறேன். பழைய பதிவுகளைப் புது அமைப்புக்கு மாத்தற புரோகிராமை பிரான்சிஸ் எழுதறான். என் ஒளிச்சு விளையாட்டு ஒவ்வொண்ணும் வெளிய வரும்போது "அடேங்கப்பா"ங்கறான். பாராட்டா கிண்டலான்னு தெரியல.

செல்வநாயகத்துக்கு நேத்தே மெயில் போட்டேன். பதில் வந்துச்சு: "அப்பாடா. அந்தக் கேரியர் மேல அப்பவே எனக்கு ஒரு கண்ணு. கீழ் அடுக்கையாவது அனுப்பு."

ஆகஸ்ட் 15, செவ்வாய்

எல்லாரும் மிட்டாய் வாங்கப் போன நாள்ல நான் ஆபீஸ்ல. இருநூத்திப் பதினாலு பேரையும் நூறு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தேன். ஒருத்தரும் அசையல.

கேஸ்கட் வாங்கியாச்சு. விசில் வருது.

ஆகஸ்ட் 16, புதன்

ஆடி கடைசி நாள். மத்தியானம் வடவள்ளியில புதுக் கிடங்கை ஏத்திட்டு வந்தோம். அக்கா சாயங்காலம் அணைப்பாங்க. காலைல எங்க முன்னாடிதான் போடணும்னு சொல்லிட்டு வந்தேன். பயமா இருக்கு.

ஆகஸ்ட் 17, வியாழன். ஆவணி 1

எட்டரை மணிக்கே நாங்க மூணு பேரும் போயிட்டோம். ருக்மணியக்கா பட்டுச் சேலையில இருந்தாங்க. கம்ப்யூட்டருக்கு மல்லிகைச் சரம் போட்டு, கற்பூரம் காட்டி, "போடட்டுமா கண்ணு?"ன்னாங்க.

போட்டாங்க. துடைப்பம் ஓடி முடிஞ்சுது. பட்டியல் வந்துச்சு, முழுக்கத் தமிழ்ல, மேலிருந்து கீழ வரைக்கும் மாப்பிள்ளைங்க. எனக்கு மூச்சு வந்துச்சு. அடியில எண்ணிக்கை பாத்தேன்.

இருநூத்திப் பதிமூணு.

சார் என்னைப் பாத்தார். பிரான்சிஸ் மவுஸைப் பிடுங்கி மேலயும் கீழயும் தள்ளினான். யாரு காணோம்னு தேடினோம். எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது, 'ம' வரிசையைப் பாத்தேன். மருதாசலமூர்த்தி இல்ல. நூறு தடவை அசையாத மனுஷன் இன்னைக்கு பாத்து ஓடிட்டார். பக்கத்து முக்காலியில உக்காந்துட்டேன். "முடிஞ்சுது சார்"னேன்.

"என்ன முடிஞ்சுது?"ன்னாங்க அக்கா.

"மருதாசலமூர்த்தியைக் காணோங்கக்கா."

"அவரை நாந்தான கண்ணு நேத்து சாயங்காலம் அழிச்சேன்!"

"என்னது?"

"அன்னூர்ப் பக்கம் பொண்ணு அமைஞ்சுருச்சு. ஆடி முடியட்டும்னு காத்துட்டு இருந்தாங்க, இன்னைக்கு பத்தரைக்கு உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்றாங்க. அதான் பட்டுச் சேலை. கல்யாணம் ஆகப்போற பையனைப் பட்டியல்ல வெச்சிருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" அக்கா எங்க மூணு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தாங்க. "ஏன், அழிக்கக் கூடாதா? அழிச்சா அழியணுமல்ல?"

முதல்ல சிரிச்சது சார்தான். அப்புறம் பிரான்சிஸ். நான் சிரிச்சேனா அழுதேனான்னு தெரியல, அக்கா தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. பதினேழு வருஷத்துல முதல் தடவையா துடைப்பம் தமிழ்ப் பேர்ல போக வேண்டிய ஒருத்தரை மட்டும் சரியா அனுப்பி வெச்சிருக்கு, அதுவும் கல்யாணத்துக்கு.

அக்கா எங்களையும் கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க. வேலை இருக்குன்னு சார் சொல்லிட்டார். என்ன வேலைன்னு ஆபீஸ் வந்ததும் தெரிஞ்சுது. புதுப் பதிவேட்டைத் திறந்து வெச்சு, பேனாவை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன்:

"மாற்றம்: அழித்ததற்குத் தனி இடம். ஒரு பதிவுக்கு ஒரு பைட் செலவு."

சார் சிவப்பு மையில கேட்டார்: "நாளைக்கு இன்னும் ஏதாவது வந்தால்?"

பேனாவை வெச்சுட்டு யோசிச்சேன். பிரான்சிஸ் எட்டிப் பாத்தான். வராதுன்னு எழுத இந்தத் தடவை கை போகல. "வந்தால் என்னைக் கேட்கவும்"னு எழுதினேன். கையெழுத்து கோ.வா.ன்னு போடல. முழுப் பேரையும் போட்டேன், கோகிலவாணி. இருபத்தேழு பைட்.